லாரிக்குள் படிந்த வண்டல்

போன வாரம் பூதலூரில் செல்வத்தின் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. செல்வம் ஒரு பிளாஸ்டிக் கேனைத் திறந்து, லாரியின் ரேடியேட்டருக்குள் பச்சை நிறத்தில் எதையோ ஊற்றினான். கூலன்ட்டாம்.

"பெரியப்பா, இந்தப் பச்சைத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி நீங்கள்லாம் என்ன ஊத்துனீங்க?"

"காவேரி" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதை இருக்குது போல. எழுதிக் குடுங்க, எங்க பசங்க படிக்கட்டும்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட வண்டிக்கு அடியில் அதிக நேரம் படுத்திருந்தவன். எழுத்தில் பிசகு இருந்தால் செல்வத்தைக் கேளுங்கள்.

தஞ்சாவூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் கழுவிவிடுகிற ஆளாகச் சேர்ந்தேன். கழுவினேன், கிரீஸ் அடித்தேன், திட்டு வாங்கினேன், மெக்கானிக் ஆனேன். கம்பெனி பஸ்ஸெல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது நானும் அவற்றோடு அரசாங்கத்துக்குப் போனேன். என் படிப்பு அவ்வளவுதான். அதைவிட, அந்த ஷெட்டின் ஃபோர்மேன் ராயப்பனைப் பற்றிச் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

ராயப்பன் சார் வெள்ளைச் சட்டையில்தான் வருவார், வெள்ளைச் சட்டையில்தான் போவார். நடுவில் எப்படி அழுக்குப்படாமல் இருந்தது என்பது எங்கள் ஷெட்டில் யாருக்கும் விளங்காத விஷயம். பழுதான பஸ் உள்ளே நுழைந்தால், மட்கார்டில் கைக்குட்டையை விரித்து அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "வாங்க, எங்க வலிக்குது?" என்று பஸ்ஸைத்தான் கேட்பார், டிரைவரைக் கேட்க மாட்டார். ஆவி கக்கிக்கொண்டு ஒரு வண்டி வந்தால் ஷெட்டில் ஒருத்தரும் அதன் கிட்டே போகக் கூடாது. "அது இப்ப கோவத்துல இருக்குது. டீ சாப்பிட்டு வருவோம்" என்பார். எல்லாரும் போய் டீ குடிப்போம். ஆறிய பிறகுதான் மூடியில் கை வைப்பார்.

பூம்புகார் போய் வரும் பஸ் ஒன்று அடிக்கடி கொதித்தது. பம்ப்பை மாற்றினோம், பெல்ட்டை மாற்றினோம், அது கேட்கவில்லை. ராயப்பன் சார் ரேடியேட்டர் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கடல்" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது, எண்ணெய் நாற்றமடிக்கும் அந்த ஷெட்டுக்குள் எனக்கு அலைச் சத்தம் கேட்டது போல இருந்தது. விசாரித்தால், வண்டி திரும்புகிற இடத்தில் மீனவர் குப்பத்து உப்புக் கிணற்றில்தான் தினமும் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். சார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி சும்மா வராது சிங்காரம். எந்த ஊர்ல ஏறுச்சோ, அந்த ஊரைக் கொண்டாந்து உள்ள எறக்கி வச்சிட்டுத்தான் ஆவியாப் போவும்."

மனுசர்கள் போகிறபோக்கில் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். இதையும் சேர்த்து வைத்தேன். அது எனக்குக் கை கொடுத்தது கோதண்டம் ஐயா லாரி விஷயத்தில்.

ஆட்சி மாறியிருந்த காலம். டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி. வயலில் வேலை செய்கிறவர்களின் தெருக்களில் செங்கொடி. அறுப்புக் கூலிக்கு எத்தனை மரக்கால் நெல் என்பதில் நிலக்காரர்களுக்கும் கூலியாட்கள் சங்கத்துக்கும் பேச்சு முறிந்து, சில ஊர்களில் வெளியூர் ஆள் இறக்கி அறுத்தார்கள். சில ஊர்களில் வயலிலேயே போலீஸ் நின்றது. தை மாசத்து வெயில் வைக்கோல் வாசனையோடு மெதுவாக இறங்கும். ஆனால் அந்த வருஷம் எல்லார் முகத்திலும் ஒரு இறுக்கம் இருந்தது.

எங்கள் வீடு புதாற்றங்கரையில், தார் ரோட்டை ஒட்டி. கல்லணையிலிருந்து வருகிற கால்வாயை எங்கள் பக்கம் புதாறு என்றுதான் சொல்வோம். கொல்லையில் ஒரு பெரிய பூவரசு. அதன் கிளையில் சங்கிலிக் கப்பி கட்டியிருந்தேன். ஷெட்டில் ஓய்வு நாள் வந்தால் அந்த மரத்தடிதான் என் பட்டறை. பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விழும், சாயங்காலத்துக்குள் செம்பாகச் சிவந்துவிடும். எத்தனையோ இஞ்ஜினுக்குள்ளிருந்து அந்தப் பூவைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

அப்படி ஒரு ஓய்வு நாள் மத்தியானம், நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தூக்கத்தில் காண்கிற காட்சி மாதிரி, சத்தமே இல்லாமல் அசைந்து வந்தது. ரேடியேட்டர் முகப்பில் 'காவேரித் தாய் துணை' என்று எழுதியிருந்தது. ஸ்டீயரிங்கில் அம்மாசி. பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு கோதண்டம் ஐயா நடந்து வந்தார்.

கோதண்டம் ஐயா பக்கத்து ஊர் நிலக்காரர். பழைய லாரி ஒன்றை வாங்கி நெல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மாசி அவர் வயலில் வேலை செய்கிறவரின் மகன். அந்தத் தெருவில் முதன்முதலில் ஸ்டீயரிங் பிடித்தவன். அவனை டிரைவிங் பழக வைத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததே ஐயாதான். ஆனால் அந்த அறுப்பில் அம்மாசியின் அப்பா சங்கத்தின் பக்கம் நின்று ஐயாவோடு பேச்சு வார்த்தையில் உட்கார்ந்தவர். ஆக, லாரிக்குள் ஒரு கொடி, லாரிக்குப் பின்னால் வேறொரு கொடி.

"சிங்காரம், இதைப் பாரு" என்றார் ஐயா. குடையை மடக்கவில்லை. "சுமை ஏத்துனா நிக்குது, வெறும் வண்டியா ஓடுது. அதுவும் ஒவ்வொரு தடவையும் அவங்க தெரு கொடிக்கம்பத்துக்கிட்ட கரெக்டா ஆவி விட்டு நிக்குது. இது இஞ்ஜின் கோளாறா, சங்கக் கோளாறா, நீயே சொல்லு."

அம்மாசி இறங்கி வந்து பூவரசு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அண்ணே, என் கை ஸ்டீயரிங்கைத் தவிர வேற எதையும் தொடல" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான், அவரைப் பார்க்கவில்லை.

"உள்ள எதையாச்சும் போட்டிருக்கான்னு தெரிஞ்சா, இங்கேருந்து நேரா ஸ்டேஷன்தான்" என்றார் ஐயா.

அன்றைய நிலைமையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கொல்லையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருவிலிருந்து சங்கத்துப் பேரோடு ஒருத்தன் ஸ்டேஷனுக்குள் போனால் எப்படித் திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் போகும். அதன் பிறகு யாரும் அவன் கையில் சாவி கொடுக்க மாட்டார்கள். லாரியைப் பழுது பார்ப்பதோடு, அம்மாசி எங்கே போகப் போகிறான் என்பதையும் என் ஸ்பானரில் கட்டிவிட்டார்கள்.

நான் லாரியின் மட்கார்டில் கையை வைத்தேன். கொதி அடங்கவில்லை. "ஐயா, அது கோவத்துல இருக்குது. கொஞ்சம் உக்காருங்க" என்றேன். ராயப்பன் சார் வார்த்தை தானாக வந்தது. என் வீட்டுக்காரி தையல்நாயகி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

ஆறிய பிறகு, ஈரச் சாக்கைப் போர்த்தி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. இஞ்ஜின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பாலாடை மாதிரி வெளுக்கும். அதுவும் இல்லை. தண்ணீரை நிரப்பி, மூடி இல்லாமல் இஞ்ஜினை ஓடவிட்டேன். குமிழி குமிழியாக வந்தால் ஹெட் கேஸ்கட் போனது என்று அர்த்தம். வரவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விறைப்பாக இருந்தது. பம்ப்பில் ஆட்டம் இல்லை, கசிவு இல்லை.

இஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலில் தண்ணீர் தொட்டு அதன் உடம்பு முழுக்கத் தெளித்துப் பார்த்தேன். முன்பக்கம் விழுந்த சொட்டு மெதுவாக உருண்டு காய்ந்தது. பின்பக்கக் கடைசியில் விழுந்தது மட்டும் தோசைக்கல்லில் பட்டது மாதிரி துள்ளித் தெறித்தது. அந்த இடத்தை மனசில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது தெர்மோஸ்டாட். தண்ணீர் சூடானதும் தானாகத் திறந்து வழி விடுகிற சின்ன வால்வு. அதைக் கழற்றி நூலில் கட்டி, அடுப்பில் சூடேறுகிற பாத்திரத்துக்குள் தொங்கவிட்டேன்.

"ஏங்க, அதுல என்ன வேகுது?" என்றாள் தையல்நாயகி.

"லாரியோட தொண்டை."

"வெந்துச்சுன்னா சொல்லுங்க. அதே பாத்திரத்துலதான் ராத்திரிக்கு ரசம் வைக்கணும்."

தண்ணீர் கொதி வருவதற்கு முன்னாலேயே அந்த வால்வு பூ விரிகிற மாதிரி மெல்லத் திறந்தது. எனக்கு எப்போதும் பிடித்த காட்சி அது. எத்தனை தடவை பார்த்தாலும் அதைப் பார்க்கிறபோது நேரம் நின்றுவிடும். அன்றைக்கும் ஒரு கணம் சங்கம், ஸ்டேஷன் எல்லாம் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால்விலும் குற்றம் இல்லை.

கடைசியாக ரேடியேட்டர். உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்து நோயாளியின் வயிற்றைத் தடவுகிற மாதிரி தடவினேன். மேலே சூடு, நடுவில் சூடு, கீழ் மூலையில் ஜில்லென்று இருந்தது. அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கப்பியில் மாட்டித் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, கிளையில் வைத்த பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சினேன்.

முதலில் துருத் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு இருமல் மாதிரி சத்தம். அதற்குப் பிறகு சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று மண் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

ஐயா எழுந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார். குடையை விரித்தார். அம்மாசி மரத்தில் சாய்ந்து வானத்தைப் பார்த்தான். அவன் மேல் ஒரு பூ விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவன் கை வரவில்லை.

"ஐயா, இன்னும் ஒரு இடம் பாக்கணும்" என்றேன்.

"இன்னும் என்னப்பா பாக்கறது? மண்ணு கண்ணு முன்னாடி கெடக்குது."

"டீ போட்டாச்சு. குடிச்சிட்டுப் போங்க" என்றாள் தையல்நாயகி. எங்கள் வீட்டில் அவள் நீட்டுகிற டம்ளரை வாங்காமல் போனவர் கிடையாது. அவரும் வாங்கினார். ஆனால் உட்காரவில்லை. அம்மாசிக்கும் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவள் குனிந்து அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். அவள் நடவு வயலில் வளர்ந்தவள்.

"இது வயச்சேறு இல்லீங்களே" என்றாள். "சேறுன்னா கையில ஒட்டும். இது மாவு மாதிரி நழுவுது. புதாத்துல மொதத் தண்ணி வருமே, அந்த வண்டல்."

"ஆத்து மண்ணா இருந்தா என்ன? ஆத்துல போய் அள்ளிப் போட முடியாதா?" என்றார் ஐயா. நியாயமான கேள்விதான். ராயப்பன் சார் சொன்னது மட்டும் காதில் ஓடியது. எந்த ஊரில் ஏறியதோ அந்த ஊர். எந்த நாளில் ஏறியதோ, அந்த நாளும் உள்ளே இருக்குமோ?

சொட்டுத் தண்ணீர் துள்ளிய இடத்துக்குப் போனேன். இஞ்ஜினின் பக்கவாட்டில், உள்ளே தண்ணீர் சுற்றுகிற அறைக்கு வட்டத் தகட்டில் ஒரு மூடி அடித்திருப்பார்கள். பின்கடைசி மூடியை உளியால் நெம்பி எடுத்தேன். தண்ணீர் வர வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே செங்கல் மாதிரி அடைத்திருந்தது. சூட்டில் வெந்து இறுகிய வண்டல். கம்பியால் மெல்ல மெல்லத் தட்டி, ஒரு துண்டை உடையாமல் வெளியே எடுத்தேன்.

கையில் வைத்து வெயிலில் திருப்பினேன். உடைந்த பக்கத்தில் கோடு கோடாக இருந்தது. கனமாக ஒரு சாம்பல் பட்டை, அதன் மேல் நூல் மாதிரி ஒரு பழுப்பு மஞ்சள் கோடு, மறுபடி சாம்பல், மறுபடி மஞ்சள். ஒரே நாளில் அள்ளிப் போட்ட மண் இப்படி அடுக்கு அடுக்காக வேகாது. இது வருஷக்கணக்கில் படிந்தது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். இளஞ்சூட்டில் ஒரு வாசனை எழும்பியது.

"மாரியம்மன் கோயில் வாசனை அடிக்குது" என்றாள் தையல்நாயகி.

எனக்கும் அதுதான் தோன்றியது. "ஐயா, உங்க வெத்திலைப் பெட்டியில கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க" என்றேன். அவர் முறைத்துக்கொண்டே கொடுத்தார். அதைத் தண்ணீரில் குழைத்து அந்தக் கோடுகளின் மேல் தடவினேன். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பல் பட்டை அப்படியே இருந்தது. மஞ்சள் கோடு மட்டும் ஒவ்வொன்றாக, மங்கலாக, சிவந்து வந்தது. ஆரத்தித் தட்டில் பார்க்கிற அதே சிவப்பு.

"மஞ்சத்தூள்" என்றேன். "ரேடியேட்டர் ஒழுகுனா டிரைவருங்க மஞ்சத்தூள் போடுறது உண்டு. இதுல சொட்டு ஒழுகல் கெடையாது. வருசத்துக்கு ஒரு தடவை, வண்டலோட சேர்த்து மஞ்சள் உள்ள போயிருக்குது."

ஆற்றில் தண்ணீர் மெல்ல முனகிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கோதண்டம் ஐயா அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கினார். முகர்ந்து பார்த்தார். அவர் முகம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"ஆடிப் பதினெட்டு" என்றார்.

பிறகு அவரே சொன்னார். லாரி வாங்கின வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் கரையில் லாரியை நிறுத்தி, மாலை போட்டு, நுரை பொங்க வருகிற புதுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மொண்டு, மஞ்சளைக் கரைத்துப் பூவைப் போட்டு, பூவை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேட்டருக்குள் ஊற்றியிருக்கிறார். வயலுக்குப் புதுத் தண்ணீர் காட்டுகிறோம், மாட்டைக் குளிப்பாட்டுகிறோம், வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று. முதல் தண்ணீரில் பாதி வண்டல்தான். அதுதான் எங்கள் வயலுக்குச் சோறு. லாரிக்கு அதுவே அடைப்பாகிவிட்டது. வெறும் வண்டியாக ஓடும்போது மிச்சமிருந்த வழியில் தண்ணீர் சுற்றிச் சமாளித்தது. நெல்லை ஏற்றியதும் திணறியது. களத்திலிருந்து கொதி வருவதற்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் கொடிக்கம்பம் நின்றது. அது கம்பத்தின் குற்றம் இல்லை.

ஐயா அம்மாசியின் பக்கம் திரும்பினார். "ஏண்டா, கலங்கத் தண்ணி ஊத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கண்ணை மூடிக் கும்புட்டுக்கிட்டே ஊத்துவீங்க. எப்படிங்க சொல்றது?" என்றான் அம்மாசி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போனப்புறம் பாதியைத் தெறந்துவிட்டுட்டுக் கெணத்துத் தண்ணி ஊத்திருவேன்" என்றான்.

"பாதி எதுக்கு? முழுசா விட வேண்டியதுதானே."

"மனசு வரலீங்க. அதுவும் காவேரிதானே."

ஐயா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். விரித்த குடை இன்னும் கையில் இருந்தது. மெதுவாக மடக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். லாரியைப் பார்த்து, "அப்ப நீயும் நானும் சேர்ந்துதான் இவளை மூச்சடைக்க வச்சிருக்கோம்" என்றார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து தனக்கு ஒன்று மடித்தார். பிறகு பெட்டியை அம்மாசி பக்கம் நீட்டினார். அம்மாசி எழுந்து, ஒரு நிமிஷம் அதைப் பார்த்தபடி நின்று, எடுத்துக்கொண்டான்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷன் என்ற பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை.

வேலை முடிய மறுநாளும் ஆயிற்று. சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி ஓடவிட்டு, இறக்கி, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, தெளிவாக வருகிற வரைக்கும் அலசினேன். இஞ்ஜினில் நெம்பி எடுத்த வட்ட மூடியைத் தட்டி நிமிர்த்தி அடித்தேன். கிணற்றுத் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி நிரப்பினேன். மூட்டையோடு அம்மாசி வண்டியை எடுத்துப் போய்த் திரும்பி வந்து, "கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்கலண்ணே. ஹாரன் அடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றான்.

கூலிச் சண்டை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அம்மாசியின் அப்பாவும் ஐயாவும் பிறகும் எதிரெதிரே உட்கார்ந்து மரக்காலுக்காகக் குரலை உயர்த்தினார்கள். அந்தப் பேச்சு வார்த்தைக்கு ஐயாவை ஏற்றிக்கொண்டு போனதும் அப்பாவை ஏற்றிக்கொண்டு திரும்பியதும் அம்மாசி ஓட்டிய அதே லாரிதான்.

இஞ்ஜினுக்குள்ளிருந்து வந்த வண்டலை நான் குப்பையில் கொட்டப் போனேன். தையல்நாயகி விடவில்லை. "மஞ்சளோட வெந்த மண்ணு. கொட்டாதீங்க" என்று ஒரு சட்டியில் எடுத்து வைத்தாள். ஆடி வந்தது. அதைப் பொடித்து, சலித்து, முளைப்பாரிக்கு விதை தூவினாள். முளை தளதளவென்று ஒரு சாணுக்கு எழும்பி நின்றது. "லாரியிலேயே வெள்ளாமை பண்ணியிருக்கலாம் போல" என்றாள்.

ஆடிப் பதினெட்டு அன்று புதாற்றில் தண்ணீர் நுரைத்துப் புரண்டது. கரையெல்லாம் ஆற்றுக்குப் படைத்த காப்பரிசியும் காதோலையும் பூவும். கோதண்டம் ஐயா லாரிக்கு மாலை போட்டிருந்தார். குடத்தில் மஞ்சள் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து வண்டியின் முன்னால் நின்றவர், வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாசி ரேடியேட்டர் மூடியின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டான்.

ஐயா கண்ணைத் திறந்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குடத்தை அவன் கை மேலேயே சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் அவன் விரல்களில் வழிந்து, மூடியில் வழிந்து, முகப்பில் எழுதியிருந்த 'காவேரித் தாய்' மேல் வழிந்து, டயரடியில் மண்ணோடு கலந்து ஆற்றைப் பார்த்து ஓடியது. கொஞ்சம் தள்ளி, என் வீட்டுக்காரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு முளைப்பாரியை விட்டாள். அந்த வண்டல் பச்சை முளையைச் சுமந்துகொண்டு, சுழன்று சுழன்று, வயல்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.